தளைநார் நாரையானது எப்படி? வீட்டுக் கணினிக்குக் குரல்வழித் தட்டச்சு தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

அத்தைக்கு வயது 69. பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகுதான் கணினி பழகினார். பழகி, தமிழ்99 விசைப்பலகையில் கீழே குனிந்து பார்க்காமலே அடிக்கும் அளவுக்குத் தேறினார். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, திசையன்விளைப் பக்கம் பனையேறி. தாத்தாவின் தொழிலையும் அதன் சொற்களையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று மூன்று நோட்டு நிறைய எழுதியிருக்கிறார். அதைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்த வருடம்தான் முடக்குவாதம் விரல் மூட்டுகளைப் பிடித்தது. காலையில் கை மடங்காது. மதியத்துக்கு மேல் அரைப் பக்கம் அடித்தால் கட்டைவிரலின் அடிமூட்டு அன்று இரவெல்லாம் தூங்க விடாது. அடிப்பதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"வாயால சொன்னா அதுவே அடிச்சிரும்னு சொல்லுதாவளே, அதப் பாரேன்யா" என்று அத்தை கேட்டார். பார்க்கிறேன் என்றேன். இரண்டு நாள் வேலை என்று நினைத்தது மூன்று மாதம் இழுத்தது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். வயதானவர்களுக்கோ கை முடியாதவர்களுக்கோ இதே தேடலில் இறங்குகிறவர்களுக்கு அந்த மூன்று மாதம் மிச்சமாகட்டும்.

நான் மதுரையில் மெய்ப்புத் திருத்துகிறவன். ஒரு பக்கத்தில் எத்தனை பிழை என்று யாரும் எங்களிடம் கேட்பதில்லை. எவ்வளவு நேரத்தில் முடியும் என்றுதான் கேட்பார்கள். எந்த வகைப் பிழை என்பதைப் பொறுத்து அந்த நேரம் மாறும். கடைசியில் முடிவெடுக்க உதவியது இந்தத் தொழில் கணக்குதான். அது எனக்கு மிகத் தாமதமாக உறைத்தது.

அத்தையின் கணினி பழையது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 சில்லு, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. வீட்டில் பிராட்பேண்ட் உண்டு. பெருமழை என்றால் ஒரு நாள் இருக்காது. புதுக் கணினி வாங்க அத்தைக்கு மனமில்லை. அவருடைய தேவையும் தெளிவாக இருந்தது. எழுத வேண்டியது தமிழ் மட்டும். ஆங்கிலச் சொல் எப்போதாவது வரும், அதுவும் தமிழ் எழுத்திலேயே வந்தால் போதும். சொன்னது உடனே திரையில் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். பிழையைத் தானே திருத்த முடிய வேண்டும், அதற்குக் கை அதிகம் அசையக் கூடாது. கடைசித் தேவையைத்தான் நான் முதல் ஒன்றரை மாதம் காதில் வாங்கவில்லை.

காசு போன வழி

முதலில் செய்தது தவறு. இணையத்தில் தேடியதும் முன்னால் வந்து நின்ற ஒரு மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் என்று போட்டிருந்தது. நிறுவிப் பார்த்தபோது அது குரோம் உலாவியைத் திறந்து, உலாவியில் ஏற்கெனவே இருக்கிற பேச்சறியும் வசதியைத் தன் சன்னலுக்குள் காட்டியது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இலவசமாகக் கிடைப்பதற்குச் சட்டை மாட்டி விற்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. பேரைச் சொல்லிப் பயனில்லை. இந்த மாதிரி நிறையவே இருக்கின்றன. ஒரு வழி சொல்கிறேன்: காசு கேட்கும் மென்பொருள் எதையும், இலவச வெள்ளோட்டத்தில் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள். எழுதாமல் நின்றுவிட்டால், கேட்டு எழுதுவது எங்கோ இருக்கிற வேறொருவரின் சேவை. அதற்கு மேல் இவர்கள் என்ன சேர்த்துத் தருகிறார்கள் என்று கேட்டு, பதில் கிடைத்த பிறகு பணம் கட்டலாம்.

அடுத்து, அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் டிராகன் என்ற குரல் தட்டச்சு மென்பொருளை வாங்கு, அதுதான் இந்தத் துறையில் முதலிடம் என்றார். ஆங்கிலத்துக்கு அது உண்மை. ஜேம்ஸ் பேக்கர், ஜேனட் பேக்கர் என்ற தம்பதி தொடங்கிய டிராகன் சிஸ்டம்ஸ் 1990இல் வெளியிட்ட டிராகன்டிக்டேட்டின் விலை 9,000 டாலர். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். 1997இல் வந்த நேச்சுரலி ஸ்பீக்கிங்தான் இயல்பாகத் தொடர்ந்து பேசினால் எழுதுகிற நிலைக்கு அதைக் கொண்டுவந்தது. பிறகு கைமாறிக் கைமாறி நுவான்ஸ் நிறுவனத்திடம் போய், 2022இல் நுவான்ஸையே மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. ஆங்கிலம், ஃபிரெஞ்சு, ஜெர்மன் என்று சில மொழிகளுக்கு டிராகன் உண்டு. தமிழுக்கு இல்லை. நாற்பது ஆண்டு வரலாறுள்ள பெயர் என்பதால் பலரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். தமிழில் எழுதுகிறவர் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

மிஞ்சிய மூன்று

வடிகட்டிப் பார்த்ததில் மூன்று வழிதான் மிஞ்சியது.

ஒன்று, விண்டோஸிலேயே இருப்பது. விண்டோஸ் விசையையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தினால் குரல் தட்டச்சுப் பட்டை வரும். விண்டோஸ் 11இல் இதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. எந்தச் செயலியில் கர்சர் நிற்கிறதோ அங்கேயே எழுதும் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் விண்டோஸ் 10இல் இருந்த இதன் பழைய வடிவத்துக்குத் தமிழ் தெரியாது. அத்தையின் ஐ3யோ விண்டோஸ் 11 கேட்கும் தகுதியில் தேறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். ஆக இந்த வழி கணினி மாற்றும்வரை மூடியிருக்கிறது. புதுக் கணினி வைத்திருப்பவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். இதற்கும் இணையம் வேண்டும்.

இரண்டாவது, கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு. குரோம் உலாவியில் ஒரு ஆவணத்தைத் திறந்து, கருவிகள் பட்டியலில் குரல் தட்டச்சைச் சொடுக்கினால் இடப்பக்கம் மைக் படம் வரும். 2017 ஆகஸ்டில் கூகுள் தன் பேச்சறிதலில் 30 மொழிகளைச் சேர்த்தபோது தமிழும் அதில் வந்தது. மொழிப் பட்டியலில் தமிழ் நான்கு முறை இருக்கும்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. எழுதுகிறவர் எந்த ஊர்த் தமிழ் பேசுகிறாரோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ கிள்ளானிலோ இருப்பவர்கள் இந்தியாவையே விட்டுவைத்துவிட்டுச் சரியாக எழுதவில்லை என்று வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். குறை என்னவென்றால், சொல்லைத் தேர்ந்தெடு, அழி என்பது போன்ற குரல் கட்டளைகள் ஆங்கிலத்தில் மட்டும்தான். நிறுத்தற்குறியைச் சொல்லிப் போடுவதும் சில ஐரோப்பிய மொழிகளில்தான் நடக்கும். தமிழில் பேசிக்கொண்டே போனால் புள்ளியும் இல்லாமல் காற்புள்ளியும் இல்லாமல் ஒரே ஓட்டமாக எழுதும்.

மூன்றாவது, விஸ்பர். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டது. இணையமே வேண்டாம், நம் கணினியிலேயே ஓடும், ஒலி வீட்டைவிட்டு வெளியே போகாது. 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்றப்பட்டது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதில் ஆங்கிலம் போக மற்ற 96 மொழிகளின் எழுத்துப்படிகளுக்கு மொத்தமாக வந்தது 1,17,000 மணி நேரம்தான். தமிழுக்கு அதில் ஒரு துளி. அளவு வாரியாகப் பல மாதிரிகள், அதாவது மாடல்கள், உண்டு. சிறியவை பழைய கணினியிலும் விரைவாக ஓடும், தமிழ்தான் தேறாது. தமிழ் ஓரளவு தேறுவது பெரிய மாதிரியில்; சாதாரணக் கணினிகளில் ஓடும்படி எழுதப்பட்ட விஸ்பர்.சிபிபி என்ற வடிவத்தில்கூட அதற்கு 4 ஜிபி அளவுக்கு நினைவகம் வேண்டும். அத்தையின் ஐ3இல் ஒரு நிமிட ஒலியைக் கொடுத்துவிட்டு, எழுந்து போய் காபி போட்டு எடுத்து வந்து உட்கார்ந்தோம், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் மடிக்கணினியில் பொறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே பேச்சறியும் மாதிரிகளைப் பயிற்றித் திறந்த மூலமாகக் கொடுத்திருக்கிறது. நம் மொழிக்கு நம் பக்கத்திலிருந்து வரும் வேலை என்பதால் மிகுந்த ஆசையோடு பார்த்தேன். அவை நிரல் எழுதுகிறவர்கள் எடுத்துக் கையாளத் தகுந்தவை. அத்தை தானே திறந்து தானே மூட வேண்டிய ஒன்றாக அதை அமைக்கும் திறமை எனக்கு இல்லை. நிரல் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவசியம் முயல வேண்டும்.

ஒரு வாரம் வீணான கதை

சோதனைக்கு முன் ஒரு நல்ல ஹெட்செட் வாங்கிக் கொடுத்தேன். யுஎஸ்பியில் செருகுவது, விலை 1,800 ரூபாய். ஒரு வாரம் பேசிப் பார்த்துவிட்டு அத்தை போன் செய்தார். பத்துச் சொல்லில் நாலு தப்பு, நான் கையாலேயே அடித்துக்கொள்கிறேன் என்றார். குரலில் சலிப்பு இருந்தது. நேரில் போனேன். உட்கார்ந்து பார்த்தால், ஹெட்செட் தலையில் இருக்கிறது, உலாவியோ வெப்கேமராவின் மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மானிட்டர் மேலே, இரண்டரை அடி தள்ளி, நேர் மேலே மின்விசிறி. அந்த ஒரு வாரமும் அது மின்விசிறியைத்தான் நன்றாகக் கேட்டிருக்கிறது.

குரோமின் முகவரிப் பட்டையில் மைக் படத்தைச் சொடுக்கினால் எந்த மைக் என்று காட்டும். அதில் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸின் ஒலி அமைப்பிலும் அதையே முதன்மையாக வைத்தேன். மைக் குழலை வாய்க்கு நேரே இல்லாமல் உதட்டோரமாக இரண்டு விரற்கடை தள்ளி வைத்தேன். நேரே வைத்தால் ப, ட போன்ற வல்லினங்களில் மூச்சுக் காற்று மைக்கில் மோதி அந்த இடம் மட்டும் கலங்கும். அதே பத்தியை மறுபடி படிக்கச் சொன்னேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மென்பொருளுக்கு மென்பொருள் நான் கண்ட வேறுபாடு எதுவும் இந்த வேறுபாட்டின் அருகே வரவில்லை. ஹெட்செட் இல்லாமல் மென்பொருள்களை ஒப்பிடுவதே பிழை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றையும் அன்று மாற்றினோம். அத்தை முப்பது ஆண்டு வகுப்பில் சொல்வதை எழுதுதல் நடத்தியவர். பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே, "பாளையை… சீவி… கலயத்தை… கட்டி…" என்று இடம் விட்டு இடம் விட்டுச் சொன்னார். 1990களின் தொடக்கத்தில் வந்த மென்பொருளுக்கு அதுதான் தேவை. இன்றையவை முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்துத்தான் நடுவில் இருப்பது என்ன சொல் என்று முடிவு செய்கின்றன. தனித்தனியாகச் சொன்னால் அந்தத் துணை போய்விடுகிறது. ஒரு வாக்கியத்தை மனதுக்குள் முழுதாகக் கட்டிக்கொண்டு, பிறகு ஒரே மூச்சில் சொல்லப் பழக அத்தைக்கு இரண்டு வாரம் ஆயிற்று. வாக்கிய அமைப்பே இதனால் கொஞ்சம் மாறியிருக்கிறது. நோட்டில் இருந்ததைவிட வாக்கியங்கள் சிறிதாகிவிட்டன. எனக்கு அது பிடித்திருக்கிறது, அத்தைக்கு அவ்வளவாக இல்லை.

பதினொரு சொல், பதினான்கு பிழை

சோதனைக்கு அத்தையின் நோட்டிலிருந்தே பக்கங்கள் எடுத்தோம். செய்தித்தாள் பத்தியை வாசித்துச் சோதிப்பதில் பொருளில்லை. இந்த மென்பொருள்கள் எல்லாமே அந்த வகைத் தமிழில் நன்றாக எழுதும். நாம் எழுதப்போவதை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

அவர் சொன்ன வாக்கியம் இது:

"விடியற்காலம் நாலு மணிக்கெல்லாம் அப்பா அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு மரமேறிவிடுவார்."

திரையில் வந்தது:

"விடியற்காலம் 4 மணிக்கு எல்லாம் அப்பா அருவா பெட்டியை இடுப்பில் கட்டி கொண்டு தலை நாரை காலில் மாட்டி கொண்டு மரம் ஏறி விடுவார்"

பேச்சறிதல் துறையில் மென்பொருளை அளக்கச் சொற்பிழை வீதம் என்ற கணக்கு உண்டு. மாறிய சொல், விடுபட்ட சொல், கூடுதலாக வந்த சொல் மூன்றையும் கூட்டி, மூலத்தில் உள்ள சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. மூலத்தில் 11 சொல். இதில் அப்படியே நிற்பவை விடியற்காலம், அப்பா, இடுப்பில், காலில் என்ற நான்குதான். மற்ற ஏழும் மாறியிருக்கின்றன, பிரிந்ததால் ஏழு சொல் கூடுதலாக வந்திருக்கிறது. ஆக 14 பிழை. பதினொன்றால் வகுத்தால் 127 விழுக்காடு. ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால்கூட 100 விழுக்காடுதான் வந்திருக்கும்!

வாசித்துப் பாருங்கள். ஒரே இடத்தைத் தவிர எங்கேயாவது பொருள் கெட்டிருக்கிறதா? சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டே போகிற மொழி நம்முடையது. சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதில் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வழக்கம் மாறும். அதையெல்லாம் இந்தக் கணக்கு பிழை என்று எண்ணிவிடுகிறது. ஆகவே தமிழுக்கு இத்தனை விழுக்காடு துல்லியம் என்று விளம்பரத்தில் வரும் எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், எதை எப்படி எண்ணினார்கள் என்று சொல்லாதவரை.

உண்மையான பிழை ஒன்றுதான். தளைநார், பனையேறிகள் காலில் மாட்டிக்கொள்ளும் நார் வளையம். அது தலை நாரையாகிவிட்டது. அத்தை கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏய்யா, நாரையக் கால்ல மாட்டிக்கிட்டு எங்கய்யா பனை ஏறுறது?"

லகர ளகரப் பிழை என்றதும் உச்சரிப்பு சரியில்லை என்று சொல்லத் தோன்றும். அத்தையின் உச்சரிப்பில் குறை கிடையாது. ழகரத்துக்கென்றே பிள்ளைகளை நிற்கவைத்துப் பழக்கியவர். மழையை மளை என்று சொல்லும் என் வாய்க்கும் இந்த மென்பொருள் மழை என்றே எழுதுகிறது. ஏனென்றால் மழை பெய்தது என்ற தொடரை அது ஏராளமாகப் பார்த்திருக்கிறது. தளைநாரை அது பார்த்ததே இல்லை. கேட்ட ஒலிக்குப் பக்கத்தில் தனக்குத் தெரிந்த சொல் எது என்று தேடி, தலையையும் நாரையையும் எடுத்துப் போட்டுவிடுகிறது. விடிலி, பதநீரைக் காய்ச்சும் குடிசை, விடுதி ஆனது. பாளை பாலை ஆனது. பாளையங்கோட்டை மட்டும் ஒருமுறைகூடப் பிசகவில்லை. கூப்பனி, கருப்பட்டி ஆவதற்கு முந்தின பதநீர்ப் பாகு, என்ன ஆனது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. எந்தச் சொல்லை எது தவறவிட்டது என்று மென்பொருள் வாரியாகப் பட்டியல் போடவில்லை. அவை அடிக்கடி மாறுகின்றன, தடுக்கும் இடங்களும் பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒன்றே. இணையத்தில் எழுதப்படாத தொழிலின் சொற்கள் இவற்றுக்குத் தெரிய வழியில்லை. அந்தச் சொற்களைக் காப்பதற்காகவே எழுதப்படும் புத்தகத்துக்கு இது எவ்வளவு வருத்தமான இடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பிழை மலிவு

இங்கேதான் என் தொழில் கணக்கு வேலைக்கு வந்தது. அத்தை ஒரு பிழையைத் திருத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "கட்டி கொண்டு" என்பதைக் "கட்டிக்கொண்டு" ஆக்க வேண்டும். மவுஸைப் பிடித்து அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொடுக்க வேண்டும். விரல் நடுங்கி இரண்டு எழுத்து தள்ளி விழுகிறது, மறுபடி சொடுக்குகிறார். பின்னழிப்பு விசை ஒன்று, க ஒன்று, புள்ளி ஒன்று. மூன்று விசைதான். மவுஸைப் பிடித்துச் சரியான இடத்தில் நிறுத்துவதில்தான் அவர் முகம் சுருங்கியது. விசையை விட மவுஸ்தான் அவருக்கு வலி என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படியானால் எண்ண வேண்டியது பிழைகளை அல்ல, மவுஸ் பயணங்களை. ஒரே சொல் எப்போதும் ஒரே மாதிரி தவறாக வந்தால், முழு அத்தியாயமும் சொல்லி முடித்த பிறகு, தேடி மாற்றுவதில் ஒரே வீச்சில் சரி செய்யலாம். ஐம்பது இடத்துத் தலை நாரையும் ஒரு நொடியில் தளைநார் ஆகும். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் ஐம்பது மவுஸ் பயணம். ஆகவே துல்லியத்தை விட்டுவிட்டு, எது நிலையாகப் பிழை செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தோம். தொழில் சொற்கள் முப்பதை எடுத்து, ஒவ்வொன்றையும் வாக்கியத்துக்குள் வைத்து ஐந்து முறை சொன்னார் அத்தை. ஐந்து முறையும் ஒரே தவறான சொல் வந்தால் அது எங்களுக்கு நல்ல சொல். அலைகிற சொற்களுக்கு வேறு ஏற்பாடு: கூப்பனிக்குப் பதிலாக அத்தை "மயிலாப்பூர்" என்று சொல்வார். புத்தகத்தில் மயிலாப்பூருக்கு வேலையே இல்லை. மென்பொருள் அதைத் தவறாக எழுதப்போவதும் இல்லை. கடைசியில் மயிலாப்பூர் எல்லாம் கூப்பனி ஆகிவிடும்.

நிறுத்தற்குறிக்கும் இதே வழிதான். வாக்கிய முடிவில் "முற்றுப்புள்ளி" என்று வாயால் சொல்கிறார். அது சொல்லாகவே எழுதப்படுகிறது. பிறகு முன்னால் உள்ள இடைவெளியோடு சேர்த்துத் தேடி, அதைப் புள்ளியாக மாற்றிவிடுகிறோம். முற்று புள்ளி என்று பிரிந்து வந்தால் அதற்கும் ஒரு முறை. புதுப் பத்திக்கு மட்டும் அத்தை என்டர் விசையைத் தட்டுகிறார். பெரிய விசை, விரல்முட்டியால் தட்டலாம்.

எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றலாம் என்று நினைத்துவிடக் கூடாது. "ட்டி கொண்டு" என்பதையெல்லாம் "ட்டிக்கொண்டு" ஆக்கினால் கட்டி, மாட்டி, ஓட்டி எல்லாம் அழகாகச் சேர்ந்துவிடும். "ஓலைப்பெட்டி கொண்டு வந்தார்" என்பதும் "ஓலைப்பெட்டிக்கொண்டு" ஆகிவிடும். இன்னும் சுருக்கி வெறும் "கொண்டு"க்கு முன் ககர ஒற்றைப் போட்டாலோ "வந்துகொண்டு" "வந்துக்கொண்டு" ஆகி மானம் போகும். ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றிய விதி எதையும் இந்த மாற்றுப் பெட்டி அறியாது. அந்த வகைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அதை நான் மதுரையிலிருந்தே செய்கிறேன், ஆவணம் இருவருக்கும் பொது என்பதால். கூகுள் டாக்ஸ் பக்கம் தராசு சாய இதுவும் ஒரு காரணம்.

விஸ்பரிலும் அரிய சொற்களை முன்கூட்டியே சொல்லி வைக்க ஒரு வழி உண்டு. முன்குறிப்பு என்று ஒரு சொற்பட்டியலைக் கொடுக்கலாம். ஆனால் அது சொற்களைச் சிறு துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கும்; கணக்கில் எடுப்பது கடைசி 224 துண்டுகளைத்தான். ஆங்கிலச் சொல் ஒன்று பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டில் அடங்கிவிடும். தமிழ்ச் சொல் பல துண்டாக உடையும். முப்பது தமிழ்ச் சொற்களைக் கொடுப்பதற்குள் இடம் நெருக்கடி ஆகிவிடுகிறது. இதைவிடப் பெரிய தடை வேறு. பேசிப் பதிந்து, பிறகு எழுத்தாக்கும்போது, பிழை எழுந்த கணத்தில் அத்தை திரையைப் பார்ப்பதில்லை. மறுநாள் ஒலியை மறுபடி கேட்டுத்தான் சரிபார்க்க முடியும். இந்த வகை மாதிரிகளுக்குப் பேச்சில்லாத இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை எழுதிவிடும் குணமும் உண்டு. இது பலரும் ஆராய்ந்து பதிந்திருப்பது. மெய்ப்புத் திருத்துகிறவன் அஞ்ச வேண்டிய பிழை அதுதான். எழுத்துப் பிழை கண்ணில் குத்தும். சரளமாக, இலக்கணமாக, இல்லாத ஒன்றைச் சொல்லும் வாக்கியம் கண்ணுக்குத் தப்பிவிடும். தாத்தா சொல்லாததை, செய்யாததை, ஒரு மென்பொருள் புத்தகத்தில் சேர்த்துவிடக் கூடாது.

இப்போதைய ஏற்பாடு

அத்தியாயங்கள் எல்லாம் கூகுள் டாக்ஸில். எழுத்து அளவு 20. மைக்கைத் தொடங்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் ஒன்றாக அழுத்த வேண்டும்; அத்தையால் முடியாது. விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியை இயக்கிவிட்டேன். இப்போது ஒவ்வொரு விசையாக, ஒரே விரலால், நிதானமாகத் தட்டினால் போதும். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் இந்த வசதி வேண்டுமா என்று கணினியே கேட்கும். முடக்குவாதக்காரர்கள் வீட்டில் இதை இயக்கி வைப்பதை முதல் வேலையாகச் செய்யலாம். மவுஸுக்குப் பதிலாக, கையை நகர்த்தாமல் பந்தை உருட்டும் டிராக்பால் ஒன்றும் வாங்கினோம்.

ஒரு அத்தியாயம் மட்டும் இணையத்துக்குப் போகவில்லை. தாத்தாவின் பனைவிளை சகோதரர்களுக்குள் வழக்கில் போனதைப் பற்றியது. உயிரோடு இருப்பவர்கள் அதில் வருகிறார்கள். கூகுள் டாக்ஸில் பேசினால் ஒலி கூகுளின் கணினிகளுக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்பும் என்று அத்தையிடம் சொன்னேன். "அது வீட்டோட இருக்கட்டும்" என்றார். அதை என் மடிக்கணினியில் விஸ்பரின் பெரிய மாதிரியில் எழுதவைத்து, நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒலியைக் கேட்டுக்கேட்டு வரிவரியாகத் திருத்தினோம். பதினோரு பக்கத்துக்கு இரண்டு முழு நாள்.

உரையாடல்களைச் சொல்லி எழுதவைப்பதைக் கைவிட்டுவிட்டோம். "ஏல, இன்னும் பனைக்குப் போவலியா" என்றால் அதைப் பாதிப் பொதுத்தமிழாகவும் பாதி பொருளில்லாமலும் எழுதுகிறது. நெல்லைப் பேச்சில் இருக்கிற அந்த வகரமும் லகரமும்தான் தாத்தா. அது போனால் யாரோ ஒருவர் பேசுவது போல ஆகிவிடுகிறது. அந்த இடங்களில் அத்தை "இங்கே பேச்சு" என்று சொல்லிவிட்டு மேலே போகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்து ஒவ்வொரு பேச்சாகத் தாத்தாவின் குரலிலேயே சொல்ல, நான் அடித்துக்கொள்கிறேன். கருப்பட்டி சிரட்டையில் ஊற்றுகிற இடத்தில் பாட்டியும் தாத்தாவும் பேசிக்கொள்வதைச் சொல்லும்போது அத்தைக்கு இரண்டு முறை குரல் நின்றுவிட்டது.

இரண்டு நோட்டு முடிந்து மூன்றாவது நடக்கிறது. அத்தையின் மானிட்டர் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சிவப்பு மையில், ஆசிரியையின் அச்சடித்தது போன்ற கையெழுத்தில், இப்போது கொஞ்சம் கோணலாக:

தலை நாரை – தளைநார். மயிலாப்பூர் – கூப்பனி. பாலை – பாளை. விடுதி – விடிலி. இது மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றவும், ஆசிரியப் பயிற்சியில் நான் தங்கிய விடுதி இரண்டு இடத்தில் வருகிறது.